லீவு லெட்டர் கொடுத்தாச்சா?

சம்பா கதிர் முற்றுகிற சமயத்தில் வருகைப் பதிவேடு பற்றிய கடிதங்கள் வந்து குவிவது வழக்கம்தான். ஜூனில் பள்ளி திறந்தபோது யாரும் இதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள், அரையாண்டுத் தேர்வு வந்ததும் வகுப்பாசிரியர் கூட்டிப் பார்த்து சதவீதத்தைச் சொல்லுவார், அப்புறம்தான் வீட்டில் கலவரம். இந்த முறை முழுக்க அந்தக் கேள்விகளையே எடுத்துக்கொண்டேன். பெயரையும் பள்ளியையும் நீக்கிவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

*

டீச்சர், என் பையன் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான். ஆகஸ்டில் மஞ்சள் காமாலை வந்து செப்டம்பர் கடைசி வரை படுத்துவிட்டான். நாட்டு வைத்தியர்தான் பார்த்தார், கீழாநெல்லியும் பத்தியமும்தான். இதுவரை பள்ளி நடந்த 120 நாளில் 82 நாள்தான் வந்திருக்கிறான், ஹால் டிக்கெட் வராது என்கிறார் கிளாஸ் சார். டாக்டர் சர்டிபிகேட்டும் கையில் இல்லை. வருஷம் போய்விடுமா?
– ஓர் அம்மா, மன்னார்குடி

போகாதும்மா, ஆனால் இன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். 120-க்கு 82 என்றால் 68 சதவீதம் சொச்சம். பொதுத்தேர்வுக்கு 75 வேண்டும். சரி, வருஷம் இன்னும் முடியவில்லையே. இப்போதிலிருந்து பிப்ரவரி கடைசி வரை, அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் போக, 45 நாள் பள்ளி நடக்கும் என்று வையுங்கள். அத்தனை நாளும் போனால் 165-க்கு 127 ஆகிறது, 77 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறான். 165-ல் 75 சதவீதம் என்பது 124 நாள். அதாவது பையன் கையில் இனி மிச்சமிருப்பது மூன்றே நாள். மாமா வீட்டுக் காதுகுத்து, திருநள்ளாறு, சபரிமலை எல்லாவற்றையும் தேர்வு முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். காலையிலும் மதியமும் தனித்தனியாக வருகை எடுக்கிறார்கள் என்பதையும் பையனிடம் சொல்லிவையுங்கள், சாப்பாட்டு மணிக்குக் கிளம்பி வந்தால் அதில் அரை நாள் போகும்.

இந்த 45 என்பது என் உத்தேசம். பள்ளியில் போய் மீதி வேலை நாள் எத்தனை என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிவந்து வீட்டுக் காலண்டரில் ஒட்டிவிடுங்கள். மழை லீவு வந்தால் இந்த எண் மாறும்.

இனி சர்டிபிகேட். அன்றைக்குப் பார்க்காத நோயை இன்றைக்குப் பார்த்ததாக எழுதித்தர எந்த ஒழுங்கான டாக்டரும் சம்மதிக்க மாட்டார், எழுதித்தருகிறேன் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் போகாதீர்கள், பிடிபட்டால் இருக்கிற நல்ல பெயரும் கெடும். ஆனால் காமாலை என்றால் ஒரு தடவையாவது ரத்தம் எடுத்துப் பார்த்திருப்பீர்களே? லேபில் கொடுத்த சீட்டில் தேதியும் பிலிருபின் அளவும் இருக்கும். சீட்டு தொலைந்திருந்தால் லேபில் பழைய நகல் கேளுங்கள். அதை வைத்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வரமுடியவில்லை, யார் வைத்தியம் பார்த்தார்கள் என்று நீங்களே ஒரு கடிதம் எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சதவீதம் ஒருவேளை ஒன்றிரண்டு குறைந்து நின்றால், சலுகை கேட்கும் விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் மேலே போகும், அப்போது அவருக்கு இணைத்து அனுப்ப ஏதாவது ஒரு தாள் வேண்டும். வாயால் சொன்னதை அவர் எப்படி இணைப்பார்?

கிளாஸ் சார் மேல் கோபப்படாதீர்கள். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித்தேர்வுக்கே சுமார் 50 ஆயிரம் பேர் வராமல் போனார்கள், பள்ளிக்கே வராதவர்கள் பெயரெல்லாம் தேர்வுப் பட்டியலில் எப்படி ஏறியது என்று அப்போது பெரிய கேள்வி வந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் இருக்கிறார்கள். இன்னொன்று, நாட்டு வைத்தியத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் அரசு சித்த மருத்துவரே இருக்கிறார், அவர் பதிவு பெற்ற மருத்துவர், அவரிடம் போயிருந்தால் மருந்தும் கிடைத்திருக்கும், சான்றும் கிடைத்திருக்கும்.

*

கலெக்டர் லீவு விட்ட நாள் எங்க அட்டெண்டன்ஸில் குறையுமா மிஸ்? போன மாசம் எங்க ஊர் ரோடு முழுக்கத் தண்ணி, பஸ்ஸே வரலை, ஆனா அன்னைக்கு லீவு விடலை. ஆப்சென்ட் போட்டுட்டாங்க.
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், வேதாரண்யம் பக்கம்

தம்பி, கலெக்டர் விட்ட மழை லீவு வேலை நாளே கிடையாது. நீ வந்ததிலும் சேராது, வராததிலும் சேராது. ஆனால் அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைத்தால் அந்தச் சனிக்கிழமை முழு வேலை நாள், இதைத்தான் பலர் மறந்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விடுகிறீர்கள். உள்ளூர் விடுமுறைக்கும் பெரும்பாலும் இதே கதைதான், தேருக்கு விட்ட லீவைச் சனிக்கிழமை வாங்கிக்கொள்வார்கள்.

உன் இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி மழை பெய்வதில்லை. மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் உபரித் தண்ணீர் வரும்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு மாதிரி ஊர்களில் வெளியே வரவே படகு வேண்டியிருக்கும், இருபது கிலோமீட்டர் தள்ளி சீர்காழியில் வெயில் அடிக்கும். அப்படிப்பட்ட நாளில் வராததற்கு ஆசிரியர் திட்டக்கூடாதுதான், ஆனால் பதிவேட்டில் வராதவன் வராதவன்தான். அதனால் மறுபடி பள்ளிக்குப் போகும் முதல் நாளே, ஊரில் எத்தனை பிள்ளைகள் மாட்டிக்கொண்டீர்களோ அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுங்கள், பெற்றோர் கையெழுத்துப் போடட்டும், முடிந்தால் வி.ஏ.ஓ.விடமும் ஒரு கையெழுத்து. தனியாக நீ போய்ச் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும், பதினைந்து வீட்டுக் கையெழுத்தோடு போனால் தலைமையாசிரியரே யோசிப்பார். அடுத்த தடவை லீவு விடும்போது உங்கள் ஊரையும் சேர்க்கச் சொல்லி மேலே எழுதவும் அவருக்கு அது உதவும்.

இரவெல்லாம் முழித்து டிவியில் ஓடுகிற எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கடிதத்தில் எழுதியிருந்தாய், அதை அச்சில் போடவில்லை. தூங்கு.

*

நாகூர் கந்தூரிக்கு நாகை மாவட்டத்துக்கு லீவு விடுகிறார்கள். நாங்கள் இருப்பது திருவாரூர் மாவட்டம், ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம். லீவாக ஏற்பார்களா?
– வாசகர், கூத்தாநல்லூர்

உள்ளூர் விடுமுறை என்பது எந்த மாவட்டத்துக்கு அறிவித்தார்களோ அந்த மாவட்டத்துக்கு மட்டும்தான் பாய். திருவாரூர் ஆழித்தேருக்கு உங்களுக்கு லீவு, நாகைப் பிள்ளைகளுக்குக் கிடையாது. முந்தின நாளே லெட்டர் கொடுத்துவிட்டுப் போய்வாருங்கள். அனுமதி பெற்ற விடுப்பு என்றாலும் எண்ணிக்கையில் ஒரு நாள் குறையத்தான் செய்யும், ஒரு நாளில் எதுவும் ஆகிவிடாது.

*

என் பேத்திக்கு அம்மை. மூன்று தண்ணீரும் ஊற்றிவிட்டோம். இப்போது போய் டாக்டர் சீட்டு கொண்டுவா என்கிறார்கள். அம்மை கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா?
– ஒரு பாட்டி, திருவையாறு

உங்கள் மனது புரிகிறதம்மா. வேப்பிலையும் தண்ணீர் ஊற்றுவதும் உங்கள் வீட்டு முறைப்படி நடக்கட்டும், அதற்கும் சீட்டுக்கும் சண்டை இல்லை. பள்ளிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டிவிட்டதா என்பது. ஒன்றிரண்டு ஈரமாக இருந்தால்கூட இன்னொரு பிள்ளைக்கு ஒட்டும். மூன்று தண்ணீர் ஆகிவிட்டது என்பதைவிட உடம்பைப் பார்த்து முடிவு செய்வதுதான் சரி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனால் காய்ந்த தழும்பைப் பார்த்தே எழுதித்தருவார்கள். இதை முன்பே செய்திருந்தால் நல்லதுதான், இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, தழும்பு அவ்வளவு சீக்கிரம் மறையாது.

புட்டாளம்மை என்கிற பொன்னுக்குவீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள், தட்டம்மைக்குத் தடிப்பு வந்ததிலிருந்து நான்கு நாள் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கச் சொல்லுவார்கள். மற்ற பாட்டிமார்களுக்காக இதையும் எழுதிவிட்டேன்.

*

ஐந்து ஏக்கர் சம்பா. போன வருஷம் அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு இரண்டு வாரம் காத்துக் கிடந்தோம். எட்டாவது படிக்கிற என் மகனைத்தான் காவலுக்கு வைத்தேன், வயது 13. நம் நிலம், நம் பிள்ளை. ஹெச்.எம். வீட்டுக்கே வந்து சட்டம் பேசுகிறார். இந்த வருஷமும் ஆள் இல்லை. என்னதான் செய்வது?
– ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி பக்கம்

ஐயா, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை, நானும் டெல்டாக்காரிதான். அறுப்பைப் பெல்ட் மெஷின் ஒரு பொழுதில் முடித்துவிடுகிறது, அப்புறம்தான் ஆளே வேண்டியிருக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டால் களத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும், மேகம் கறுத்தால் தார்ப்பாய் இழுக்க வேண்டும், சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, ராத்திரி குவியலுக்குப் பக்கத்திலேயே படுக்க வேண்டும். இதில் பையன் ஒருத்தன் கூட இருந்தால் எவ்வளவு ஆறுதல் என்று புரிகிறது.

ஆனால் ஹெச்.எம். சொன்னது சரி. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். 14 வயது ஆகாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது. சொந்தக் குடும்பத்து வேலையில், ஆபத்தில்லாத வேலையாக இருந்தால், பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என்று மட்டும் விலக்கு வைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், பள்ளி விட்ட பிறகு. சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து தார்ப்பாய் இழுக்கலாம், சனி ஞாயிறு நெல் கிண்டலாம், பொங்கல் லீவில் கூட இருக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது. பெற்றோரை முதல் தடவையிலேயே தண்டிக்கச் சட்டம் சொல்லவில்லை, அந்தப் பயத்தில் நான் இதை எழுதவும் இல்லை. ராத்திரிக் காவலும் வேண்டாம் ஐயா, பனியில் கிடந்துவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்குவான், கொள்முதல் நிலையத்துக்கு லாரி வரும் போகும், பாம்பும் உண்டு.

ஹெச்.எம்.முக்கும் வேறு வழி கிடையாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி 6 வயது முதல் 14 வயது வரை பிள்ளை பள்ளியில் இருக்கிறானா என்று பார்க்கும் பொறுப்பு அரசினுடையது, வருகை ஒழுங்காக இல்லை என்றால் பெற்றோரிடம் பேச வேண்டியது ஆசிரியர் கடமை என்று அதிலேயே இருக்கிறது. தினமும் செயலியில் வருகை ஏற்றுகிறார்கள், உங்கள் பையனுக்கு நேராகச் சிவப்பாகவே இருந்தால் மேலிருந்து அவரைத்தான் கேட்பார்கள். எதிரி மாதிரி பார்க்காதீர்கள், வீடு தேடி வருகிற ஹெச்.எம். கிடைப்பது லேசு இல்லை.

ஆளுக்கு என்ன வழி என்று கேட்டீர்கள். உங்களுக்கு முன்னும் பின்னும் டோக்கன் வாங்கிய நான்கைந்து பேர் சேர்ந்து முறை வைத்துக் காவல் இருப்பது பல ஊர்களில் நடக்கிறது. நெல் கொட்டுவதற்கு முன்பே பேசிவையுங்கள், கொட்டிய பிறகு யாரும் பேசுகிற நிலையில் இருக்க மாட்டார்கள்.

*

என் மகள் தஞ்சாவூரில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பத்தாவது. அக்கா கல்யாணம், அப்புறம் மாப்பிள்ளை வீட்டோடு வடநாட்டு யாத்திரை, எல்லாம் சேர்த்து நிறைய லீவு. 75-க்குக் கீழே போய்விட்டது. மீதி 25 சதவீதம் சலுகை உண்டு என்கிறார்களே?
– அப்பா, பாபநாசம்

உண்டு, கல்யாணத்துக்கு இல்லை. 2024 அக்டோபரில் சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலேயே சொல்லியிருந்தார்கள், அந்த 25 சதவீதத் தளர்வு மருத்துவ அவசரம், தேசிய அல்லது சர்வதேச விளையாட்டுப் போட்டி, இது மாதிரி கடுமையான காரணங்களுக்குத்தான், அதுவும் ஆவணத்தோடு. ஜனவரி 1-ஆம் தேதி நிலவரப்படிதான் வருகையைக் கணக்கிடுவார்கள், அதனால் பிப்ரவரியில் ஈடுகட்டலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். இடையில் காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று ஏதாவது இருந்து அதற்குச் சீட்டும் இருந்தால் உடனே பள்ளியில் கொடுங்கள், பள்ளிதான் வாரியத்துக்கு எழுத வேண்டும். யாத்திரைப் படங்களைக் காட்டிப் பயனில்லை.

கூடவே இன்னொரு வாசகர், திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் பெயரை மட்டும் பதிந்துகொண்டு நீட் கோச்சிங்குக்குப் போகலாம், வராமலே அட்டெண்டன்ஸ் போட்டுத்தருவார்கள் என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறார். வேண்டாம் ஐயா. இந்த டம்மி பள்ளிகளைப் பிடிக்கத்தான் வாரியம் திடீர் சோதனை நடத்துகிறது, வகுப்பில் பிள்ளை இல்லை என்று தெரிந்தால் பிளஸ் டூ தேர்வே எழுத விடமாட்டோம் என்று 2025-ல் சொல்லியும் இருக்கிறார்கள். மாட்டினால் ஏஜென்ட் போன் எடுக்க மாட்டார்.

*

ஒரு நாள் வராவிட்டால் ஐம்பது ரூபாய் அபராதம், கட்டும் வரை பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்கள். ஐந்தாம் வகுப்புதான். தனியார் பள்ளி.
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

வெளியே நிறுத்துவது குற்றம், இதில் இரண்டு பேச்சே இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனதளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. பெயரை எடுத்துவிடுவோம் என்று மிரட்டினால் 16-ஆம் பிரிவு இருக்கிறது, எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்க முடியாது. ஐம்பது ரூபாய்க்கு ரசீது கேளுங்கள். தனியார் பள்ளி எவ்வளவு வாங்கலாம் என்பதைத் தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது, அதற்கு மேல் வாங்கக்கூடாது, அதனால்தான் இந்த மாதிரி வசூலுக்கு ரசீது கிடைப்பது அபூர்வம். முதலில் முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள், 14417 என்ற உதவி எண்ணிலும் சொல்லலாம். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தால் அதே வகுப்பில் இருக்கிற இன்னும் நான்கு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

*

மாதத்தில் மூன்று நாள் போக முடிவதில்லை மிஸ். என்ன காரணம் எழுதுவது?
– பிளஸ் ஒன் மாணவி

உடல்நலக் குறைவு என்று எழுதினால் போதும் பாப்பா, அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது, கேட்டால் அம்மாவை வரச்சொல். ஆனால் மாதம் மூன்று நாள் என்பது வருஷத்தில் முப்பது நாள் ஆகிவிடும், அதனால் இதையும் கேட்கிறேன், வலியாலா, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லாததாலா? வலி என்றால் டாக்டரிடம் போக வேண்டும், பொறுத்துக்கொள்கிற விஷயம் இல்லை அது. கழிப்பறை என்றால் அம்மாவை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்கச் சொல். அந்தக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அரசுப் பள்ளியில் இலவச நாப்கின் உண்டு, வரவில்லையா என்றும் கேட்கச் சொல்.

*

ஒன்பதாவதோடு நின்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன என் தம்பி திரும்பி வந்துவிட்டான், வயது 16. பத்தாவது எழுத முடியுமா? வருகை எதுவும் இல்லையே.
– அண்ணன், பேராவூரணி

முடியும். தனித்தேர்வராக எழுத 14½ வயது முடிந்திருந்தால் போதும். ஒரே ஒரு இடத்தில் வருகை பார்ப்பார்கள், அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்பு, அதில் 80 சதவீதம் வந்திருக்க வேண்டும். அதற்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும், அந்த அறிவிப்பு தேர்வுக்குப் பல மாதம் முன்பே வந்து போய்விடும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். என்னைக் கேட்டால் பக்கத்து அரசுப் பள்ளியிலேயே மறுபடி சேர்க்க முயற்சி செய்யச் சொல்லுவேன், வீட்டில் தனியாக உட்கார்ந்து கணக்கு படிப்பது லேசு இல்லை.

*

நான் வகுப்பாசிரியை. பத்தாவது படிக்கும் ஒரு பெண் இரண்டு வாரமாக வரவில்லை. பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று லெட்டர் வந்திருக்கிறது, ஆனால் தாய்மாமனுக்குப் பேசிவிட்டார்கள் என்று அவள் தோழிகள் சொல்கிறார்கள். லெட்டர் இருக்கும்போது நான் தலையிடலாமா?
– ஆசிரியை, பட்டுக்கோட்டை வட்டம்

தலையிடுங்கள், இன்றைக்கே. லெட்டர் பதிவேட்டுக்குத்தான், அதை வைத்துக்கொண்டு மற்றதைக் கேட்காமல் இருக்க முடியாது. தோழிகள் சொன்னது பொய்யாக இருந்தால் ஒரு விசாரிப்போடு முடியும், உண்மையாக இருந்தால் நாள் குறித்திருப்பார்கள்.

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள், இரவும் பகலும் எடுப்பார்கள், உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், அதைத் தடுக்கும் அதிகாரி நம் மாவட்டங்களில் மாவட்ட சமூக நல அலுவலர்தான். தலைமையாசிரியரிடமும் எழுத்தில் கொடுங்கள். நீங்களே தனியாக வீட்டுக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள், உஷாராகிக் கல்யாண நாளை முன்னால் தள்ளிவிடுவார்கள், பெண்ணை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா வந்து டி.சி. கேட்டால் தலைமையாசிரியர் உடனே கையெழுத்துப் போடாமல், எந்தப் பள்ளியில் சேர்க்கப்போகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும், அதை 1098-க்கும் சொல்லிவிடட்டும். அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள், தினமும் வருகை எடுக்கும்போது அவள் பெயரையும் கூப்பிடுங்கள், தோழிகள் அவளிடம் போய்ச் சொல்லுவார்கள். வாரக் கடைசியில்தான் பெரும்பாலும் முகூர்த்தம் வைப்பார்கள், அதனால் திங்கட்கிழமை வரை பொறுக்காதீர்கள்.